பதினோரு சிரிப்புகள்

முட்டு இரும்பால் தகட்டை இரண்டு தட்டு தட்டினேன். போதும் என்று அர்த்தம். வெளியே நின்ற வெர்னன் நிறுத்தவில்லை. ரிவெட் துப்பாக்கியை மறுபடி அழுத்தினான். காரில் கட்டி இழுக்கிற வீட்டு டிரெய்லருக்குள் மண்டியிட்டிருந்த எனக்கு மணிக்கட்டிலிருந்து தோள் வரை அதிர்ந்தது.

தகட்டைச் சட்டத்தோடு இணைக்கும் ரிவெட் ஆணியை அடிப்பது இரண்டு பேர் வேலை. வெளியே ஒருவர் துப்பாக்கியால் ரிவெட்டின் தலையில் அடிப்பார். உள்ளே இன்னொருவர் கனமான இரும்புக் கட்டியை அதன் வாலுக்கு முட்டுக் கொடுப்பார். நடுவில் அலுமினியத் தகடு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, அதனால் தட்டுதான் பேச்சு. ஒரு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம் அடி. இரண்டு என்றால் போதும். மூன்று என்றால் கெட்டுவிட்டது, எடுத்துவிடு. முப்பத்தொரு வருடமாக, பழைய டிரெய்லர்களைப் புதுப்பிக்கும் எங்கள் பட்டறையில் துப்பாக்கி என் புருஷனுக்கு, இரும்பு எனக்கு.

அன்று அவன் கோபத்தில் அடிக்கிறான் என்று நினைத்தேன். காரணம் இருந்தது. காலையில் அடுப்பில் முட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொல்லியிருந்தேன்.

“இந்த டிரெய்லரை டெல்பர்ட்கிட்ட ஒப்படைச்சதும் நான் அயோவா போறேன், வெர்னன். அக்கா வீட்டுக்கு. திரும்பி வரமாட்டேன்.”

திரும்பிப் பார்த்தேன். தலையை ஆட்டினான். தட்டில் விழுந்த முட்டையைத் தின்றுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டான். முப்பத்தொரு வருடத்துக்கு ஒரு தலையாட்டல்.

ஆகவே, அடிக்கட்டும், தீரட்டும் என்று இரும்பைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு தட்டினால் அவன் இன்னொரு முறை அடித்தான். வால் அப்பளமாகச் சப்பையாகிப் போனது. அடுத்த ரிவெட்டும் அப்படியே. வரிசை முடிந்தபோது பதினோரு ரிவெட். இரும்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தகட்டைப் பார்த்தேன். ரிவெட்டை அளவுக்கு மேல் அடித்தால் துப்பாக்கியின் முனை நழுவித் தகட்டில் பிறை மாதிரி ஒரு வெட்டு விழும். எங்கள் தொழிலில் அதற்குச் சிரிப்பு என்று பெயர். புதிதாகச் சேர்ந்தவர்கள் போடுவது. வெர்னன் போட்டு நான் பார்த்ததில்லை. இன்று பதினோரு சிரிப்பு, ஒரே வரிசையில். தகடு உள்வாங்கி நெளிந்து போயிருந்தது. நிமிர்த்த முடியாது. முழுத் தகடும் வீண்.

அவன் எனக்கு முதுகைக் காட்டியபடி நின்று அந்த வெட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டிருந்தான். காதுக் கவசத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தான். ஜூன் மாத வெக்கை.

“வெர்னன்” என்றேன். திரும்பவில்லை.

இரண்டு எட்டு கிட்டப் போய்க் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. அவமதிக்கிறான் என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஆத்திரத்தில் கையிலிருந்த நாலு கிலோ இரும்பைச் சிமென்ட் தரையில் போட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாசலில் படுத்திருந்த பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது.

வெர்னன் தடவிக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பல மாதங்களாகக் கண்முன்னே கிடந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. காலையிலிருந்து மாலை வரை கழற்றாத காதுக் கவசம். என் குரல் பிடிக்காமல் மாட்டிக்கொள்கிறான் என்று நினைத்திருந்தேன். பட்டறை ரேடியோவை அவன் தொடுவதே இல்லை. எட்டு நாளில் முடிகிற முகப்புத் தகட்டுக்கு இந்த முறை மூன்று வாரம் பிடித்தது, இரண்டு தகடு பாழானது. தகடு சரியில்லை என்று திட்டினான். போன வாரம் டெல்பர்ட் வந்திருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், வாய் ஓயாதவர். ஜூலையில் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கு மீன் பிடிக்கப் போக வேண்டுமாம், அதற்குத்தான் இந்த ஐம்பத்தேழாம் வருடத்து டிரெய்லர். “காபியில சர்க்கரை போட்டியா, வெர்னன்?” என்று கேட்டார். வெர்னன், “வியாழக்கிழமை” என்றான். டெல்பர்ட் சிரித்துவிட்டு என்னிடம், “உன் புருஷன்கிட்ட சர்க்கரை கேட்டாலே நாலு நாள் ஆகுது, டிரெய்லர் எப்பம்மா வரும்?” என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வெர்னன் திரும்பினான். என் முகத்தையும் தரையில் கிடந்த இரும்பையும் பார்த்தான். ஒளிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது. கருவி மேஜைமேல் சாய்ந்துகொண்டான்.

“எவ்வளவு நாளா?” என்றேன். என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

“நன்றி சொல்ற பண்டிகைக்கு முன்னாடி இடது காது போச்சு. வலது பிப்ரவரியில. முகத்தப் பாத்தா பாதி புரியும். நீ உள்ள போயிட்டா ஒண்ணும் தெரியாது. கைக்கு வர்ற அதிர்வ வெச்சு ஒப்பேத்திட்டு இருந்தேன். இன்னிக்கு ஒப்பேறல.”

பிப்ரவரி என்றான். எனக்கு ஏப்ரல்தான் நினைவுக்கு வந்தது.

ஏப்ரலில், இதே டிரெய்லரின் பக்கவாட்டுத் தகட்டை அடித்தபோது, நான் உள்ளே இருந்து அவனிடம் ஒன்று சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாததைத் தகட்டுக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன். எங்கள் மகன் டெரிக்கைப் பற்றி.

இரண்டு வருடத்துக்கு முன், ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. சாலையெல்லாம் கண்ணாடிப் பனி. வெர்னன் காய்ச்சலில் படுத்திருந்தான். படுக்கப் போகும்முன், இன்னிக்கு யாரும் வண்டி எடுக்க வேணாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். எனக்கு ஒரு வரிசை ரிவெட் குறைந்தது. சவுத் பெண்டில் இருந்த கிடங்கு மதியம் மூடிவிடும். கிடங்குக்கு போன் செய்து ஒரு பெட்டி எடுத்து வைக்கச் சொன்னேன். டெரிக்கிடம், ஒரு மணி நேர வேலைடா, அப்பா எழுந்திருக்கறதுக்குள்ள வந்துடலாம் என்றேன். இருபத்தாறு வயது. ஆப்பிள் ஒன்றைக் கடித்துக்கொண்டே வண்டியில் ஏறினான். திரும்பும் வழியில் பாலத்தில் வண்டி சறுக்கியது.

ஏன் வெளியே போனான் என்று வெர்னன் கேட்டான். நண்பனைப் பார்க்கப் போனான் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வாங்கியிருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காத ஒரு பெட்டி ரிவெட்டுக்காக என்று சொல்ல நாக்கு வரவில்லை. வண்டியிலிருந்து எடுத்த பொருள்களை ஷெரீஃப் அலுவலகத்தில் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அதிலிருந்த பெட்டியைப் பட்டறையில் பழைய ஜன்னல் ரப்பர் சுருள்களுக்கு அடியில் மறைத்தேன்.

அதன்பிறகு வீட்டில் பேச்சு செத்துப்போனது. ஏப்ரலில் அதைத் தாங்க முடியாமல்தான், இரும்பைத் தகட்டில் வைத்துக்கொண்டு சொன்னேன். நான்தான் அனுப்பினேன், ரிவெட்டுக்காக அனுப்பினேன், உன்னிடம் பொய் சொன்னேன், என்னை மன்னிக்க முடியுமா என்று. வெளியே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். பிறகு துப்பாக்கி அடுத்த ரிவெட்டில் இறங்கியது. அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். அக்காவுக்கு எழுதினேன்.

இப்போது தெரிகிறது, அவனுக்கு எதுவும் கேட்கவே இல்லை.

“ஏப்ரல்ல நான் உள்ள இருந்து பேசினேனே” என்றேன். உதடு நடுங்கியதால் அவனுக்குப் பிடிபடவில்லை. மறுபடி சொன்னேன்.

“பேசினியா? என்ன பேசின?”

ஒரு நொடிதான். இரண்டு வருடப் பொய் தானாகவே பிழைத்துக்கொண்டதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி.

“ஒண்ணுமில்ல” என்றேன். “தகட்ட எடுப்போம். புதுசா செய்யணும்.”

அயோவாவைப் பற்றியும் அவனுக்கு மறுபடி சொல்லவில்லை. டெல்பர்ட்டிடம் மட்டும் போன வாரம் அவர் வந்தபோது சொல்லியிருந்தேன். காலையில் எதற்குத் தலையாட்டினாய் என்று மட்டும் கேட்டேன். முட்டை இன்னொன்று வேணுமா என்று கேட்டதாக நினைத்தானாம்.

புதிய தகட்டில் இறங்கினோம். இந்த டிரெய்லரின் முகப்பு ரொட்டி மாதிரி எல்லாப் பக்கமும் வளைந்தது. ஆரஞ்சுச் சுளைகள் போல ஐந்து தகடுகள் சேர்ந்துதான் அந்த முகம். இடது ஓரச் சுளையை மேப்பிள் மரக் கிளை விழுந்து நசுக்கியிருந்தது. வலது ஓரம் நன்றாக இருந்ததால் அதன்மேல் காகிதத்தைப் பரப்பி அச்சு எடுத்தோம். காகிதம் எங்கே சுருங்குகிறதோ அங்கே தகட்டைச் சுருக்க வேண்டும். எங்கே கிழிகிறதோ அங்கே தட்டி விரிக்க வேண்டும். பிறகு அச்சைக் கவிழ்த்துப் போட்டு இடது பக்கத்துக்கு வெட்டினோம்.

வெர்னன் தகட்டில் புகை கக்கும் சுடரைக் காட்டிக் கரி படிய வைத்தான். சுடரைக் கூர்மையாக்கி அந்தக் கரி மறையும் வரை சூடாக்கினான். கரி மறைந்த இடத்தில் அலுமினியம் ஈயம் மாதிரி இளகியிருக்கும். ஈயக் குண்டுகள் நிரப்பிய தோல் மூட்டைமேல் அதைப் போட்டு மரச் சுத்தியால் குழித்தான். முதலில் வால்நட் கொட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக வரும். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே விட்டு முன்னும் பின்னும் இழுக்க இழுக்க வழவழப்பாகும். இதுவரை கண்ணும் கையும் போதும்.

கடைசி வேலைக்குத்தான் காது வேண்டும். தகட்டுக்கு அடியில் வழவழப்பான இரும்பைப் பிடித்து, மேலே சப்பைக் கட்டையால் தட்ட வேண்டும். கீழே இரும்பு சரியாக இருக்கும் இடத்தில் ணங் என்று கேட்கும். விலகியிருந்தால் டொக். டொக்கில் அடித்தால் பள்ளம் விழும். முன்பு அவன் மூன்று வாரம் திண்டாடியது இதில்தான்.

நான் எதிரே நின்றேன். அவன் தட்டினான். ணங் என்றால் விரலை உயர்த்தினேன். டொக் என்றால் கையை மூடினேன். தகட்டைப் பார்க்காமல் என் கையையே பார்த்துத் தட்டினான். இரண்டு வருடமாக என் பக்கம் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள், “உனக்கு இன்னொரு தொழில் கெடச்சிடுச்சு. தேவாலயத்துல பாட்டுக் குழுவுக்குக் கை காட்டலாம்” என்றான்.

“அங்க யாராவது உன்ன மாதிரி ஒழுங்கா அடிப்பாங்களா?” என்றேன்.

“பாஸ்டர் பெண்டாட்டி பாடறதக் கேக்காத ஒரே ஆளு நான்தான். அந்த ஒரு லாபம்.”

சிரித்தோம். எட்டு நாளும் காலையில் எழும்போது, இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். மாலைக்குள் இன்னொன்றும் தோன்றும். சொல்லாவிட்டால் என்ன? நான் போக வேண்டாம், அவன் இப்படியே பார்ப்பான், நான் விரல் காட்டுவேன். செத்தவன் திரும்பி வரப் போவதில்லை. சொன்னால் இந்த எட்டு நாளும் போய்விடும்.

ஒன்பதாம் நாள் காலையில் தகடு அதன் இடத்தில் உட்கார்ந்தது. வலது சுளையும் இடது சுளையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி. ரிவெட் எண்ணினேன். கெட்டுப்போன தகடுகளில் வீணானது போகப் பதினாலு குறைந்தது.

“நான் போய் வாங்கிட்டு வரேன்” என்று கார்ச் சாவியைக் காட்டினேன்.

வெர்னன் பட்டறையின் கோடிக்கு நடந்தான். பழைய ஜன்னல் ரப்பர் சுருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தான். அடியிலிருந்த பெட்டியை எடுத்துவந்து எங்கள் இருவருக்கும் நடுவே மேஜைமேல் வைத்தான். ஒரு மூலை நசுங்கியிருந்தது. மேலே ஒட்டிய சீட்டில் அந்தச் சனிக்கிழமைத் தேதி, காலை பத்தே கால். கீழே கிடங்குக்காரரின் கையெழுத்தில், போனில் சொன்னவர்: மார்லிஸ்.

என் பெயர்.

அவன் பெட்டியைத் திறக்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நான்தான் அனுப்பினேன்” என்றேன்.

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“அடக்கம் முடிஞ்ச மறுவாரம். ஜன்னலுக்கு ரப்பர் தேடினேன்.”

“ஏன் கேக்கல?”

“மொத வருஷம் கோபம். கேட்டா என்ன ஆகும்னு பயந்து கேக்கல. ரெண்டாவது வருஷம் நீயா சொல்லணும்னு இருந்தது. ஒவ்வொரு நாளும் நீ உள்ள போயி இரும்பப் பிடிக்கறப்ப, இன்னிக்கு சொல்லுவா, முகம் தெரியாதப்ப சொல்லுவான்னு நெனப்பேன்.”

“சொன்னேன், வெர்னன். ஏப்ரல்ல. உள்ள இருந்து சொன்னேன். மன்னிப்பியான்னு கேட்டேன். நீ துப்பாக்கிய அழுத்தின.”

அவனுக்கு முதலில் புரியவில்லை. ஏப்ரல் என்று விரலால் மேஜைத் தூசியில் எழுதிக் காட்டினேன். அதைப் படித்துவிட்டு, பக்கத்திலிருந்த மர முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தான். கையை எடுத்துக் காதுமேல் வைத்தான்.

“என்ன வார்த்தை சொன்ன? அப்படியே சொல்லு.”

சொன்னேன். ஏப்ரலில் சொன்ன அதே வரிசையில். அவன் என் உதட்டைப் பள்ளிப் பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். இரண்டு இடத்தில் நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னான். மன்னிப்பு என்ற வார்த்தையை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

“ரெண்டு வருஷம் காத்திருந்தது உன் குரல்ல கேக்கறதுக்கு” என்றான். “இப்ப வாய் அசையறது மட்டும்தான் தெரியுது.”

நான் அழுதேன். அவன் எழுந்து வந்து தேற்றவில்லை.

“உன் மேல தப்பில்லன்னு சொல்லுவேன்னு எதிர்பாக்காத, மார்லிஸ். இன்னும் வரல. வருமான்னும் தெரியல.” பெட்டியைப் பிரித்துப் பதினாலு ரிவெட்டை உள்ளங்கையில் எண்ணி எடுத்தான். “நீ அயோவா போறதா டெல்பர்ட் சொன்னான். வாயத் தொறந்து தொறந்து சொன்னான், அதனால புரிஞ்சுது.”

“நீ போகச் சொன்னா போறேன்.”

“நான் சொல்லல.”

மேஜைமேல் கிடந்த காதுக் கவசத்தை எடுத்து என் தலையில் மாட்டினான். அளவைச் சுருக்கினான். “இனிமே இது உனக்குத்தான் வேணும்.” ரிவெட்டுகளையும் துப்பாக்கியையும் என் கையில் கொடுத்துவிட்டு, கீழே குனிந்து முட்டு இரும்பை எடுத்துக்கொண்டான்.

கேட்காதவன் உள்ளே இருந்தால் போதும். தட்டுகிறவனுக்குக் காது வேண்டாம், கேட்கிற ஆள் வெளியே இருந்தால் சரி. எட்டு மாதமாக இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை. அவன் சொல்லியிருந்தால் தோன்றியிருக்கும். நான் சொல்லியிருந்தாலும்.

அறுபத்து மூன்று வயதில் முட்டி போட்டு டிரெய்லருக்குள் ஊர்ந்து போனான். அவனுடைய பூட்ஸின் அடிப்பாகம் மறைந்தது. தகட்டின் பின்னால் இரும்பு உரசும் சத்தம் கேட்டது.

எனக்குத் துப்பாக்கி பிடித்துப் பழக்கமில்லை. முதல் ரிவெட் சாய்ந்துவிட்டது. உள்ளே இருந்து மூன்று தட்டு. துளைத்து எடுத்துவிட்டு அடுத்ததைப் போட்டேன். அடித்தேன், நிறுத்தினேன். ஒரு தட்டு. இன்னும் கொஞ்சம் அடித்தேன். இரண்டு தட்டு. மூன்றாவது, நாலாவது போனது. ஆறாவதில் முனை நழுவி ஒரு சின்னச் சிரிப்பு விழுந்தது. அவன் தட்டியது இரண்டுதான். உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது.

எட்டாவது ரிவெட்டை அடித்துவிட்டு நிறுத்தினேன். தட்டு வரவில்லை.

காத்திருந்தேன். துப்பாக்கியின் முனை ரிவெட்டின் தலையிலேயே இருந்தது. பிறகு தகடு லேசாக அதிர்வது என் இடது உள்ளங்கைக்குத் தெரிந்தது. காதுக் கவசத்தைக் கழற்றினேன். உள்ளே வெர்னன் அழுதுகொண்டிருந்தான். தன் குரல் தனக்கே கேட்காதவன் அழுகிற அழுகை. எவ்வளவு உரக்க அழுகிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. இடையில் டெரிக் என்று ஒரு முறை சொன்னான். அடக்கத்தின்போதுகூட அவன் அழுது நான் கேட்டதில்லை.

கூப்பிட்டால் கேட்காது. உள்ளே போயிருக்கலாம். முகம் தெரியாத இடம் அவனுக்கும் வேண்டியிருந்தது என்று பட்டதால் போகவில்லை. துப்பாக்கியை எடுக்காமல், கை வலிக்க வலிக்க அப்படியே நின்றேன்.

ரொம்ப நேரம் கழித்து ஒரு தட்டு கேட்டது. ஒன்றே ஒன்று.

கவசத்தை மாட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் அடித்தேன்.